ஆணியும் பசையும் கன்றுக்குட்டியும்

நின்றுகொண்டிருந்த லாரியில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வெர்னா லெப்கி. வெளியே முற்றமெல்லாம் முழங்கால் அளவு பனி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி இருந்த இடத்திலேயே மெல்ல நடுங்கியது. கண்ணாடியின் காதுப் பக்கத்திலிருந்து இறங்கிய ஒயர் அவள் மடியிலிருந்த செல்போனில் செருகியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் வெயில் கண்ணாடி. போட்டிருக்கிறவளுக்கோ, எதிரே கொட்டகைச் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் ஒரு கர்லிங் ஆட்டம். வெள்ளை வெளேரென்ற பனித்தரையில் ஒருத்தி கல்லைத் தள்ளிவிட, இரண்டு பேர் அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள்.

வெர்னா கல்லைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை இடது பக்கம் திருப்பினாள். திரை இருந்த இடத்திலேயே நின்றது. வலது பக்கம் திருப்பினாள். நின்றது. கழுத்தைச் சாய்த்தாள், குனிந்தாள், இருமிப் பார்த்தாள். அசையவில்லை. அப்படியும் அவளுக்குத் திருப்தி இல்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கதவை யாரோ கையுறை போட்ட கையால் தட்டினார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கீழே கார்னி. அவள் புருஷன். முழுப்பெயர் கொர்னீலியஸ் லெப்கி என்றாலும் அந்தப் பெயரில் அவனைக் கூப்பிட்டது அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் மட்டும்தான்.

"என்னம்மா, வண்டி எங்க போய்ட்டிருக்கு? வான்கூவர் வந்துருச்சா?" என்றான்.

"சிரிக்காதே. டீசல்தானே எரியுது, உன் ரத்தமா எரியுது?"

"நாளைக்குக் கிளம்பறோம். நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"ஒரு சத்தம். மலையில ஒரே ஒரு சத்தம் வந்துச்சுன்னா..."

"இருக்குன்னு சொன்னேன்ல. கதவைச் சாத்து, குளிர் வருது."

அவன் சொன்னது இதுதான். இந்தத் தடவை மலைப்பாதையில் அவள் ஒரு முறை கத்தினாலும், அடுத்த பயணத்திலிருந்து அந்த இருக்கையில் ஊரிலிருக்கும் இன்னொரு ஓட்டுநர் இஸ்பிராண்ட் வீப் உட்காருவான். வெர்னா வீட்டில் இருந்துகொள்ளலாம்.

வீட்டில் இருந்துகொள்ளலாம் என்பது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியவேண்டுமானால் வெர்னா யாரென்று தெரியவேண்டும். கனடாவின் தெற்கு மானிடோபாவில் விங்க்லர் ஊரைச் சுற்றியிருக்கிற, ஜெர்மன் பேசுகிற எங்கள் கிறிஸ்தவ ஜனத்துக்கு ஒரு பெருமை உண்டு. அதைச் சொல்ல நாங்கள் வெட்கப்படுவதும் இல்லை. பள்ளிக்கூட பெஞ்சைத் தேய்க்காமலேயே ஊர் ஊராகச் சாமான் ஏற்றி இறக்கி, கொட்டகை கட்டி, வீடு கட்டி, பிள்ளைகளுக்கும் வீடு கட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள். அதிலும் வெர்னா தனி. மெக்சிகோவில் எங்கள் ஜனம் குடியிருந்த காலனியில் பிறந்து, சின்னப் பெண்ணாக இருக்கும்போதே பிக்கப் வண்டியின் பின்னால் மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கனடாவுக்கு வந்தவள். வந்த வாரமே பீட்ரூட் வயலில் களை கொத்தப் போனாள். ஆங்கிலம் தெரியாது. பிறகு உருளைக்கிழங்குக் கிடங்கு, பிறகு ஜன்னல் செய்கிற தொழிற்சாலை. இரண்டு பையன்கள் பிறந்து அவர்கள் பள்ளிக்கூடம் போனதும், லாரி உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு எழுதப் போய்த் தோற்றாள். மறுபடி தோற்றாள். மூன்றாவது தடவை கேள்விகளை வாசித்துச் சொல்லச் சொல்லி, வாயாலேயே பதில் சொல்லி வாங்கினாள். இன்றைக்கு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. பதினெட்டுச் சக்கர வண்டியைப் பின்பக்கமாகவே ஊசி முனையில் நூல் கோப்பதுபோல் கிடங்கு வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். படித்த பையன்கள் நாலு தடவை முன்னே பின்னே போவார்கள்; அவள் ஒரே தடவை.

வீட்டில் அவள் கார்னியின் மனைவி. வண்டியில் அவள் ஓட்டுநர். இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னாலிருக்கும் கட்டிலில் படுப்பார், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பார். இரண்டு பையன்கள் பெரியவர்களானதும், பேரப்பிள்ளை பிறந்ததும் தொலைபேசியில் கேட்டதுதான். மற்ற வாழ்க்கையெல்லாம் அந்தக் கேபினில்தான்.

அந்த வாழ்க்கைக்கு வந்த கேடு போன குளிர்காலத்தில் வந்தது. ரோஜர்ஸ் கணவாயைத் தாண்டி இறங்கும்போது, பார்த்தால் ஈரத் தார்ச்சாலை போலவே தெரிகிற கண்ணாடிப் பனி. கார்னி ஓட்டினான். பின்னாலிருந்த டிரெய்லர் மெதுவாக, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் வந்து வெர்னாவின் ஜன்னலுக்கு எதிரே எட்டிப் பார்த்தது. தன் வண்டியின் வாலைத் தன் ஜன்னலிலேயே பார்ப்பது என்னவென்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பனி மேட்டில் இடித்து நின்றார்கள். ஒரு கீறல் இல்லை. கார்னி இறங்கி, சுற்றி வந்து, ஒரு பிடி விதையை வாயில் போட்டுக்கொண்டு, "வா, போலாம்" என்றான்.

அன்றிலிருந்து வெர்னாவுக்கு ஒரு கோளாறு. அவள் ஓட்டும்போது எதுவும் இல்லை. எந்த மலையானாலும் கை நடுங்காது. கார்னி ஓட்டும்போதுதான். வளைவு வந்தால் அவள் தொண்டையிலிருந்து சத்தம் அவளைக் கேட்காமலேயே வெளியே வரும். "பிரேக்!" என்று கத்துவாள். நவம்பரில் அப்படித்தான் கத்தினாள். கார்னி திடுக்கிட்டு உண்மையிலேயே பிரேக்கை மிதித்தான், வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. வழுக்கும் பாதையில் பிரேக் மிதிப்பது என்பது தானாகப் போய்க் குழியில் விழுவது. தப்பு தன்னுடையது என்று அவளுக்கே தெரியும். அதனால்தான் அவன் இஸ்பிராண்டின் பெயரைச் சொன்னபோது அவளால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

பின்கட்டிலில் படுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஆட்டமும் பத்து மடங்காகத் தெரிந்தது. கண்ணில் துணி கட்டிப் பார்த்தாள்; இருட்டுக்குள் மனசே மலையை வரைந்தது, நிஜ மலையைவிடச் செங்குத்தாக. வீட்டில் இருந்துவிடலாம் என்று ஒரு நாள் நினைத்தும் பார்த்தாள். அது எல்லாவற்றையும்விட மோசம். கணவாயில் செல்போன் எடுக்காது. அவன் அங்கே எந்த வளைவில் இருக்கிறான் என்று தெரியாமல் அடுப்படியில் நின்றுகொண்டு போனை முறைத்துக்கொண்டிருப்பதற்கு, பக்கத்தில் இருந்து பயப்படுவது எவ்வளவோ மேல்.

கண்ணாடியைச் சொல்லிக் கொடுத்தது குர்நேக். கால்கரியில் டீசல் போடும் இடத்தில் பழக்கமான பஞ்சாபி ஓட்டுநர். வண்டியை நிறுத்திய பிறகு கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்ணாடி போட்டு, படமாகப் பார்க்கிற ஆள்.

"அக்கா, இதைப் போட்டுட்டா உங்க வீட்டுக்காரர் ஓட்டறதே தெரியாது" என்றான்.

"அவர் ஓட்டறது அவருக்கே பல நேரம் தெரியாது. எனக்கும் தெரியாம போச்சுன்னா யாருக்குய்யா தெரியும்?" என்றாள் வெர்னா. ஆனால் வாங்கிவிட்டாள்.

"கண்ணாடி பெரிசில்ல அக்கா, எந்த ஆப்ல படம் போடறீங்கங்கறதுதான் பெரிசு. ஒண்ணு நல்லாருந்தா இன்னொண்ணு தலையைச் சுத்த வைக்கும். எல்லாத்தையும் போட்டுப் பாத்து எடுங்க" என்றான் குர்நேக்.

அவள் போட்டுப் பார்த்தாள். வீடியோ ஓட்டுகிற மூன்று செயலிகளை இறக்கினாள். பெயர்களெல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். அவளே பெயர் வைத்தாள்.

முதலாவது பசை. படத்தை முகத்தோடு ஒட்டிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வரும். விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும், பேட்டரியைச் சாப்பிடாது, கீழே வருகிற எழுத்தை நாய்க்குட்டி அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும். எல்லாம் நல்லது. ஆனால் தலை குலுங்கினால் படமும் குலுங்கும். எஞ்சின் நடுக்கத்தில் கால் மணி நேரம் பார்த்தாள். காலையில் தின்ற தொத்திறைச்சி தொண்டைக்கு வந்து நின்றது.

இரண்டாவது கன்றுக்குட்டி. திரும்பினால் உடனே வராது, தாய்ப்பசு போன பக்கம் மெதுவாக அசைந்து வந்து சேரும். கண்ணுக்குச் சுகம். ஆனால் சில படங்களுக்கு வாய் அசையும், சத்தம் வராது. கர்லிங் ஆட்டத்தை அது திறக்கவே மாட்டேன் என்றது. போன் திரை அணைந்தால் படமும் அணைந்துபோகும். நடுவழியில் அணைந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோதே அதை மூடிவிட்டாள்.

மூன்றாவது ஆணி. படத்தை வெளியில் ஓரிடத்தில் அடித்து வைத்துவிடும். நீ எங்கே திரும்பினாலும் அது அங்கேயே. குமட்டல் இல்லை, குலுக்கல் இல்லை, வீட்டுச் சுவரில் மாட்டிய படம்போல அமைதி. ஒரே ஒரு குறை: நேரமாக ஆக, படம் தானாக இடது பக்கம் நகரும். கட்டைவிரல் அகலம்தான். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் நடுவுக்கு வந்துவிடும்.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு குற்றம் இருந்தது. இந்தக் கண்ணாடியில் கறுப்பு என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். படத்தில் இருட்டு வந்தால் அந்த இடத்தில் கண்ணாடி வழியாக வெளியே தெரியும். துப்பறியும் படம் போட்டாள். கொலைகாரன் நிலவறைக்குள் இறங்கியபோது கொட்டகைச் சுவர் பளிச்சென்று தெரிந்தது. மலையில் அது சுவராக இருக்காது, பள்ளத்தாக்காக இருக்கும். அதனால்தான் கர்லிங். தொடக்கத்திலிருந்து முடிவுவரை வெள்ளைத் தரை. யாரையும் கொல்லாத பனி. எட்டு ஆட்டங்களைப் போனிலேயே இறக்கி வைத்தாள்; சிக்னலை அணைத்துவிட்டும் ஓட்டிப் பார்த்தாள். சோபாவில் சாய்ந்துகொண்டு சோதிக்கிற ஆள் அல்ல வெர்னா. லாரியில் ஏறி, எஞ்சினைப் போட்டு, தான் உட்காரப்போகிற அதே இருக்கையில் உட்கார்ந்து சோதித்தாள். கார்னியை ஒரு சுற்று ஓட்டச் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை. ஓட்டினால் எங்கே கத்திவிடுவோமோ என்ற பயம். இருப்பது ஒரே ஒரு சத்தம். அதை ஊருக்குள்ளேயே செலவழிக்க அவள் தயாராக இல்லை.

மறுநாள் உறைய வைத்த உருளைக்கிழங்கு வறுவலை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். சஸ்காட்சுவன் சமவெளி முழுக்க மாற்றி மாற்றி ஓட்டினார்கள். மெடிசின் ஹாட் ஊருக்குப் பிறகு கார்னி ஸ்டியரிங்கைப் பிடித்தபோது, வெர்னா கண்ணாடியை மாட்டி ஆணியைத் திறந்தாள். கால்கரி வரைக்கும் படம் இமைக்கவில்லை. ஒரு முழு ஆட்டத்தையும் பார்த்தாள். கடைசிக் கல் வந்தபோது தன்னை மறந்து, "தேய்! தேய்! விடாதே, தேய்!" என்று கத்தினாள்.

கத்தின பிறகுதான் பயம் வந்தது. கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

கார்னி ஒரு விதையைக் கடித்துத் தோலைக் கோப்பையில் துப்பினான். "இது கணக்குல இல்ல" என்றான். "ஜெயிச்சாங்களா?"

"ஜெயிச்சாங்க."

மாதக்கணக்கில் முதல் தடவையாக அவளும் ஒரு பிடி விதை எடுத்துக்கொண்டாள். ஆணிதான் என்று முடிவு செய்தாள். பாதை நேர்கோட்டில் போகிற சமவெளியில் வளர்ந்தவர்கள் எங்கள் ஆட்கள். ரூலர் வைத்துக் கோடு போட்டதுபோல ரோடு. அதில் ஒரு சாமான் வேலை செய்தால் உலகம் முழுக்க வேலை செய்யும் என்று எங்களுக்கு நினைப்பு.

கணவாய்க்கு முன்னாலிருக்கும் கோல்டன் ஊரில் பாதையை அடைத்திருந்தார்கள். மேலே, தானாகச் சரிந்து பாதையில் விழுவதற்கு முன் பனியைப் பீரங்கியால் சுட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மைல் நீளத்துக்கு லாரிகள் மூக்கோடு வால் வைத்து நின்றன. கால்கரியிலிருந்து ஓட்டிவந்த வெர்னாவின் அன்றைய ஓட்டும் நேரம் அங்கே வரும்போதே தீர்ந்திருந்தது. சட்டப்படி இனி அவள் தொடக்கூடாது. யாருடைய நேரம் எங்கே முடிகிறது என்று மலை பார்ப்பதில்லை. கணவாய் கார்னிக்கு.

வரிசையில் நாலு வண்டி முன்னால் குர்நேக் நின்றான். அவர்களைப் பார்த்துத் தேநீர்க் கோப்பையோடு நடந்து வந்தான்.

"அக்கா, எதை எடுத்தீங்க?"

"ஒரே இடத்துல நிக்குமே, அது. கால்கரி வரைக்கும் கல்லு மாதிரி நின்னுச்சு."

குர்நேக் தேநீரை ஊதினான். "கால்கரி வரைக்கும் சரி. வளைவுல போட்டுப் பாத்தீங்களா?"

"ஏன்? வளைவுல என்ன?"

"எனக்குத் தெரியாது அக்கா. நான் நிறுத்தினப்புறம்தான் பாப்பேன். ஆனா அது ஒரே திசையைப் புடிச்சிட்டு நிக்குது. நீங்க திரும்பினா நிக்கும், சரி. வண்டியே திரும்பினா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் முன்னால் ஹாரன்கள் கேட்டன. வரிசை நகர்ந்தது. குர்நேக் கோப்பையைக் கொட்டிவிட்டுத் தன் வண்டிக்கு ஓடினான். கார்னி பிரேக்கை விடுவித்தான். புஸ்ஸென்று காற்று போன சத்தம் வெர்னாவின் காதுக்குள் எங்கோ போய் நின்றது.

மாற்றலாமா என்று நினைத்தாள். பசையைப் போட்டால் வாந்தி நிச்சயம். கன்றுக்குட்டி ஆட்டத்தைத் திறக்காது. பொத்தான்களைத் தேடக் கண்ணாடியைக் கழற்றினால் பாதை தெரியும். கழுத்துத் துணியின் முனையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தாள். கண்ணாடியை மாட்டினாள்.

முதல் வளைவிலேயே குர்நேக் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வண்டி வலது பக்கம் திரும்பியது. ஆணி அடித்த படம் அதன் இடத்திலேயே நின்றது. அதாவது வெர்னாவின் முகத்துக்கு எதிரே இருந்து வழுக்கி இடது பக்கம் போய்விட்டது. அது போன இடத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் கண்ணாடி வழியாகப் பாதை. இரும்புத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் மர நுனிகள். மரத்தின் அடி எங்கேயோ கீழே.

துணியை இறுக்கிக் கடித்துக்கொண்டு தலையை இடது பக்கம் திருப்பிப் படத்தைப் பிடித்தாள்.

"என்ன, என்னையே பாக்கற?" என்றான் கார்னி.

துணியை எடுத்துவிட்டு, "உன்னை யாரு பாத்தா? ஆட்டம் பாக்கறேன்" என்றாள். மறுபடி துணியைத் திணித்தாள்.

பொத்தானை அழுத்தி நடுவுக்குக் கொண்டு வந்தாள். அடுத்தது இடது வளைவு. படம் அவளுடைய ஜன்னல் பக்கம் ஓடியது. பின்னாலேயே திரும்பினாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி வளைவு. நேர் பாதையில் கர்லிங் தெரிந்தது, வளைவு வந்தால் மலை தெரிந்தது. எங்கே பார்க்கக்கூடாதோ சரியாக அந்த இடத்தில் திரை விலகியது. ஒரு பாவி பக்கத்தில் நின்று வேண்டுமென்றே திரைச்சீலையை இழுப்பதுபோல் இருந்தது.

பனிக் கூடாரங்கள் வந்தன. பனிச்சரிவு பாதையில் விழாமலிருக்கப் பாதைக்கு மேல் கட்டிய கான்கிரீட் குகைகள். உள்ளே நுழைந்ததும் எஞ்சின் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவளுக்கு இப்போது ஒரு விஷயம் பிடிபட்டது, பிடிபடாமலே இருந்திருக்கலாம். படம் இடது போனால் வண்டி வலது. படம் வலது போனால் வண்டி இடது. இந்தப் பாதையை எத்தனையோ தடவை ஓட்டியவளுக்கு அது போதும். கண்ணை மூடினாலும் திறந்தாலும் வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்று படம் சொல்லிக்கொண்டே வந்தது. பாதையை மறக்க வாங்கிய சாமான் பாதையை வாசித்துக் காட்டியது.

"யாரு ஜெயிக்கறா?" என்றான் கார்னி.

அவள் தோளைக் குலுக்கினாள்.

கடைசிக் கூடாரத்தைத் தாண்டினார்கள். இனி கொஞ்ச தூரம் நேர்ப்பாதை. நடுவுக்குக் கொண்டு வந்து வைத்த படம் நின்றது. வெள்ளைத் தரை. கல் ஒன்று கிளம்பியது. வெர்னா மூக்கு வழியாக மூச்சு விட்டாள்.

படம் நகர்ந்தது.

இடது பக்கம், மெதுவாக. ஒரு நகத்தின் அகலம். இன்னொரு நகம். நேர்ப்பாதையில் ஏன் நகர்கிறது? செயலி தானாக நகர்வதும் இடது பக்கம்தான். அப்படியானால் ஒன்றுமில்லை. ஆனால் வண்டி வலது பக்கம், பனி மேட்டை நோக்கிச் சாய்ந்தாலும் படம் இதே மாதிரி, இதே பக்கம்தான் நகரும். எது இது? முற்றத்தில் நின்றபோது இவ்வளவு வேகமாகவா நகர்ந்தது? ஞாபகமில்லை. கார்னி பக்கம் காதைக் கொடுத்தாள். விதை உடைக்கும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? தூங்கிவிட்டானா? மயக்கமா? கத்தவேண்டும். செயலியின் கோளாறாக இருந்து அவள் கத்தினால், அவன் பிரேக்கை மிதிப்பான், நவம்பரைப்போல. வண்டி நிஜமாகவே சாய்ந்துகொண்டிருந்து அவள் கத்தாமல் இருந்தால்? இஸ்பிராண்ட் வந்தாலும் சரி, வீட்டில் கிடந்தாலும் சரி, ஆள் இருந்தால் போதும். தொண்டை வரைக்கும் சத்தம் வந்துவிட்டது. துணி தடுத்தது.

சக்கரத்துக்கு அடியில் சாலையோரத்துக் கரகரப்பு கேட்டது.

கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். ஜன்னலுக்கு மிக அருகில் பனிச் சுவர் ஓடிக்கொண்டிருந்தது. கத்த வாய் திறந்தது, சத்தமே வரவில்லை. கை மட்டும் போய் அவன் சட்டையைப் பிடித்தது. பனிச் சுவர் மெதுவாக ஓடியது, இன்னும் மெதுவாக, பிறகு நின்றது. லாரிகள் ஒதுங்கி நிற்பதற்கென்று விட்டிருந்த இடத்தில் வண்டி நின்றிருந்தது. கார்னி பிரேக் பிடியை இழுத்தான். ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"என்னய்யா? நெஞ்சு வலியா? கார்னி! கை மரத்துப் போகுதா?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன் நிறுத்தின? நான் கத்தல. பாத்தேல்ல? ஒரு சத்தம் போடல நான்."

"தெரியும். நீ கத்தல. அதான் நிறுத்தினேன்."

அவளுக்குப் புரியவில்லை. வாயிலிருந்து விழுந்த துணியின் நூல் ஒன்று பல்லில் சிக்கியிருந்தது, அதை இழுத்தாள்.

"இத்தனை கூடாரம் தாண்டியாச்சு" என்றான் கார்னி. "மூச்சு சத்தம்கூட இல்ல. ஒரு வளைவு வந்தா என்னை முறைக்கற, அடுத்த வளைவு வந்தா ஜன்னலை முறைக்கற. வாயில துணி. கால்கரிக்கு முன்னாடி கர்லிங்குக்கு அந்தக் கத்து கத்தினவ, இங்க ஆட்டம் ஓடிக்கிட்டே இருக்கு, வாயே திறக்கல. பக்கத்துல ஆள் இருக்கா, பொணம் இருக்கான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓட்டறேன். நான் ரோட்டைப் பாக்கல, வெர்னா. கடைசிக் கூடாரத்துக்குள்ள எப்படி வந்தேன்னு எனக்குத் தெரியாது. வெளிய வந்ததும் எனக்கு உதறல் எடுத்திருச்சு."

"கத்தினா இஸ்பிராண்டுன்ன."

"சொன்னேன்."

"கத்தலைன்னா நிறுத்தற. உனக்கு என்னதான்யா வேணும்?"

கார்னி விதைப் பையை எடுத்தான், திறக்காமலே திரும்ப வைத்தான். "இஸ்பிராண்ட் முழிச்சிருக்கும்போதே குறட்டை விடறவன். அவனை வச்சிட்டு இந்த மலையில ஓட்டறதா? அந்த வழுக்கலுக்கு அப்புறம் நான் வளைவுல உன் சத்தத்தைத்தான் கேட்டுட்டு வரேன். அது வந்தா எரிச்சலா இருக்கு. வரலைன்னா, எதையோ நான் பாக்காம விட்டுட்டேனோன்னு இருக்கு."

பக்கத்தில் லாரிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. ஒவ்வொன்று போகும்போதும் அவர்கள் வண்டி லேசாக அசைந்தது. வெர்னா அவன் சட்டையை இன்னும் பிடித்திருந்ததைப் பார்த்துக் கையை எடுத்தாள்.

"கத்தாதே. சொல்லு" என்றான் அவன். "அவ்வளவுதான். என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

"பயம் வந்துட்டா எனக்கு வார்த்தை வராது. சத்தம்தான் வரும். உனக்குத் தெரியாதா?"

"பயம் வர்றதுக்கு முன்னாடி ஆரம்பி. எல்லாத்தையும் சொல்லு. மரம் தெரிஞ்சா மரம்னு சொல்லு."

"அது எப்படிய்யா, மூச்சு விடாம? கழுதை கணக்கா நான் கத்திக்கிட்டே வந்தா..."

"முப்பது வருஷமா பேசிட்டுதானே வர? இன்னிக்கு மட்டும் என்ன கஷ்டம்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் மூக்கு வழியாக ஏதோ ஒரு காற்று போனது. கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து ஒயரைச் சுற்றினாள். உடையவில்லை. சமவெளிக்கு ஆகும். பெட்டியில் போட்டு இருக்கைக்கு அடியில் தள்ளினாள். பாதை முழுசாக, தடுப்பே இல்லாமல் அவள் எதிரே இருந்தது. தொட்டால் குளிரில் விரல் ஒட்டிக்கொள்ளும் இரும்பைப்போல, பார்த்ததும் பார்வை அதிலேயே ஒட்டிக்கொண்டது.

கார்னி கதவோரக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். ஒரு இடைவெளி வந்ததும் வண்டியைப் பாதைக்கு ஏற்றினான்.

"எண்ணெய் லாரி முன்னாடி" என்றாள்.

"பாத்தேன்."

"இடது வளைவு. அதுக்கப்புறம் பாலம். பாலத்து மேல மினுக்குது."

"ம்."

"மரம்."

"சரி, மரம் வேணாம்."

கணவாயின் உச்சியைத் தாண்டினார்கள். இனி இறக்கம். போன வருஷம் வழுக்கிய இடம் வந்துகொண்டிருந்தது; அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. அவள் மற்றதெல்லாம் சொன்னாள். மஞ்சள் பலகை, நின்றிருக்கும் பனி வண்டி, வலது வளைவு. சொல்லச் சொல்ல நாக்கு வறண்டது. நிறுத்தினால் அந்த இடத்தைப் பயம் வந்து நிரப்பிவிடும் என்று நிறுத்தாமல் சொன்னாள்.

வளைவு முடிகிற இடத்தில் எதிரே ஒரு வெள்ளை பிக்கப் ஏறி வந்தது. அதன் பின்பக்கம் வெளியே வீசியது, திரும்ப உள்ளே வந்தது, மறுபடி வெளியே வீசியது. மூக்கு நடுக்கோட்டைத் தாண்டி அவர்கள் பக்கம் திரும்பியது. வெர்னாவின் தொண்டைக்குள் சத்தம் எழுந்து முட்டியது. ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு சொல் வந்துகொண்டிருந்தது. சத்தத்துக்கு வழி இல்லை.

"கார்னி, வெள்ளை பிக்கப். பின்னாடி ஆடுது. நம்ம பக்கம் வருது."

"ஆங்."

அவன் பிரேக்கைத் தொடவில்லை. காலை மட்டும் எடுத்தான். வண்டியை வலது பக்கம் ஒரு முழம் நகர்த்தி, பனி மேட்டை உரசுகிற மாதிரி பிடித்து ஓட்டினான். பிக்கப் ஒரு கணம் குறுக்கே தெரிந்தது. ஓட்டினவனின் முகம், திறந்த வாய். பிறகு அது தன்னை நிமிர்த்திக்கொண்டு அவர்கள் பக்கவாட்டில் உரசாமல் போய்விட்டது. பின்னால் டிரெய்லர் ஒரு முறை முனகியது, நேரானது, தொடர்ந்து வந்தது.

வெர்னா இரண்டு கைகளாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பாதையைப் பார்த்தாள். வாய் ஒட்டிக்கொண்டது.

கார்னி கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல், "ஏன் நிறுத்திட்ட?" என்றான். "அடுத்தது சொல்லு."